வெள்ளைக்காரர் வைத்த வெள்ளை

அந்தத் தொழிற்சாலையில் அவருக்கு 'வெள்ளைக்காரர்' என்று பெயர். ஆள் நல்ல கறுப்பு. அது வேறு விஷயம். டிவிக்கு வெள்ளை வைப்பது அவர் வேலை, அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சரியான அளவில் கலந்தால் திரையில் வெள்ளை வரும். அந்தச் சரியான அளவு எது என்று முப்பத்தோரு வருஷமாக அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "வெள்ளை மட்டும் ஒழுங்கா உட்காந்துட்டா மத்த கலர் எல்லாம் வாலைச் சுருட்டிக்கிட்டுப் பக்கத்துல உட்காந்துரும்" என்பார்.

வைக்கிற முறையில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. ஜன்னல் இல்லாத ஓர் அறை, சாம்பல் நிறச் சுவர். டிவிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் ஓடு. அதன்மேல் பகல் வெளிச்சம் மாதிரி ஒளி விழும் விளக்கு. ஓடும் திரையும் ஒரே வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் குமிழைத் திருக வேண்டும். நீங்களும் நானும் திருகினால் அரை நாள் ஆகும். அவருக்கு நாலு நிமிஷம். அவர் 'ம்' என்று சொல்லாமல் ஒரு டிவிகூட அட்டைப்பெட்டிக்குள் போனதில்லை.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் லேசர் வந்தது. கூடவே மாப்பிள்ளையும் வந்தார்.

மாப்பிள்ளை என்றால் சொந்த மாப்பிள்ளை, மகளைக் கட்டியவர். முப்பத்தோரு வயசு. லேசர் டிவி செய்யப் புதுப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தலைவராக அவரை வேறொரு கம்பெனியிலிருந்து கூட்டிவந்தார்கள். மாமனாரைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. வந்த முதல் நாள் மாமனார் அறைக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளை மரியாதைக்கு எழுந்து நின்றார். மாப்பிள்ளை நிற்கிறாரே என்று மாமனாரும் உட்காரவில்லை. இருவரும் நின்றபடியே அரை மணி நேரம் பேசிவிட்டுக் கால் வலியோடு கலைந்தார்கள். அதற்கப்புறம் ஒருவர் இருக்கும் அறைக்கு மற்றவர் போவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

லேசரைக் குறை சொல்ல முடியாது. சாதாரண டிவியில் சிவப்பு என்பது சிவப்பு மாதிரி ஒன்று. லேசரில் சிவப்பு என்றால் சிவப்பு, வேறு எதுவும் அதில் ஒட்டியிருக்காது. முதல் தடவை திரையில் ஒரு தக்காளியைக் காட்டியபோது வெள்ளைக்காரரே ஓரடி பின்னால் வைத்தார். சுவர் அளவுக்குப் படம் காட்டலாம், கரண்டும் குறைச்சல், வருஷக்கணக்கில் உழைக்கும் என்றெல்லாம் மாப்பிள்ளை சொன்னார். பொய்யில்லை. ஆனால் பாருங்கள், திரை முழுக்க யாரோ மணலைத் தூவிவிட்டாற்போல ஒரு மினுமினுப்பு. நாம் தலையை அசைத்தால் அந்த மணலும் கூடவே அசையும். லேசர் ஒளியின் அலைகள் எல்லாம் ஒரே சீராக வருவதால், திரையின் சொரசொரப்பில் பட்டதும் ஒன்றோடொன்று மோதிப் புள்ளி புள்ளியாகப் பிரிந்துவிடுமாம். மாப்பிள்ளை ஒரு வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் திரைக்குப் பின்னால் ஒரு குட்டி மோட்டாரை வைத்து, திரையையே மயிரிழை அளவுக்கு ஆட்டிவிட்டார். புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து மறைந்தன.

"ஆட்டுனாத்தான் படம் தெரியும்னா அது என்ன டிவி?" என்று வெள்ளைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

"ஆடுறது கண்ணுக்குத் தெரியாது மாமா."

"காதுக்குத் தெரியுதே. கொசு மாதிரி ங்ஙொய்னு."

பேச்சு வளர்ந்தது. சாதம் ஆறியது. மகள் கரண்டியை மேசையில் ஓங்கிப் போட்டாள். "இனிமே இந்த வீட்டுல டிவின்னு ஒரு வார்த்தை கேட்டுச்சோ, ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது. அப்பான்னும் பார்க்க மாட்டேன், புருஷன்னும் பார்க்க மாட்டேன்." அவள் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து அந்த மேசையில் மழையைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியும் மட்டும் பேசினார்கள். நடந்த அத்தனை கூத்துக்கும் பாதிக் காரணம் இந்தச் சட்டம்தான், ஆனால் அதை அவளிடம் போய் யார் சொல்வது?

மீதிக் காரணத்தையும் கேளுங்கள். நிறத்தை அளக்கிற கருவி ஒன்று அங்கே இருந்தது. சாதாரண டிவிக்கு அது சரியாகச் சொல்லும். லேசரின் ஊசிமுனை மாதிரியான நிறத்தைக் காட்டினால் உளறும். புதுக் கருவி கேட்டு எழுதியிருந்தார்கள். அது வருகிறது, வருகிறது என்று வந்துகொண்டே இருந்தது. "அது வர்ற வரைக்கும் என் கண்ணு போதாதா?" என்று வெள்ளைக்காரர் மேனேஜர் அம்மாவிடம் கேட்டார். தாராளமாகப் போதும் என்று அந்த அம்மாவும் சொல்லிவிட்டார்.

வேலை நேரமும் அதற்கு ஏற்றாற்போல அமைந்தது. வெள்ளைக்காரர் காலை ஏழு மணிக்கு வந்து, வெள்ளை வைத்து, மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார். மூன்று மணிக்கு மேல் மாப்பிள்ளையின் ஆட்கள் டிவியை ஓடவிட்டுச் சோதிப்பார்கள். இவர் எழுதுவது வெள்ளை வைக்கிற அறை நோட்டில். அவர் எழுதுவது கம்ப்யூட்டரில். இதை அவர் பார்ப்பதில்லை, அதை இவர் பார்ப்பதில்லை.

மாப்பிள்ளை செய்த நாலாவது மாடல் லேசர் டிவி தினமும் காலையில் மஞ்சளாக இருந்தது. ராத்திரிக் குளிர்ச்சியில் சிவப்பு லேசர் தெம்பேறிப்போய் மற்ற இரண்டையும் அமுக்கிவிடுகிறது என்று வெள்ளைக்காரர் முடிவு கட்டினார். குளிர்ந்தால் சிவப்பு லேசருக்குத் தெம்பு கூடும், சூடானால் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீலத்தைக் கொஞ்சம் ஏற்றினார். நோட்டில் 'நிறம் நகர்ந்திருந்தது, சரிசெய்தேன்' என்று எழுதினார். சாயங்காலம் மாப்பிள்ளை வந்து பார்த்தால் டிவி நீலம் பூத்துக் கிடந்தது. பகல் சூட்டில் சிவப்பு களைத்துவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். பின்பக்கம் திறந்து, லேசருக்குப் போகிற கரண்டில் சிவப்பையும் பச்சையையும் கொஞ்சம் ஏற்றினார். 'நிறம் நகர்ந்திருந்தது, சரிசெய்தேன்' என்று அவரும் எழுதினார்.

ஐம்பத்திரண்டு நாள் இப்படியே போயிற்று. காலையில் ஒருவர் ஏற்றுவார், சாயங்காலம் ஒருவர் ஏற்றுவார். இறக்குகிற பழக்கம் இரண்டு பேருக்குமே இல்லை. டிவி நாளுக்கு நாள் பிரகாசமாயிற்று. மேனேஜர் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. "போன மாசத்துக்கு இந்த மாசம் எவ்வளவு வெளிச்சம் பாருங்க" என்று கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். சூடு தாங்காமல் ஒரு ஃபேன் நாலாயிற்று. நாலு போதாமல் தண்ணீர் ஓடுகிற குழாய் வைத்தார்கள். டிவியில் ஆள் பேசுவது காதில் விழ வேண்டுமானால் டிவியை நிறுத்த வேண்டும் என்கிற நிலைமை.

ஐம்பத்து மூன்றாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, சிவப்பு லேசர் பொசுங்கிவிட்டது. திரையில் ஓடிக்கொண்டிருந்த கல்யாண வீட்டுக் கூட்டம் மொத்தமும் பச்சைப் பாசி பிடித்து நின்றது.

மேனேஜர் அம்மா இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இரண்டு பேரும் நின்றார்கள்.

"வாங்குறவங்க வர்றதுக்கு இன்னும் பதினஞ்சு நாள். ரெண்டு மாசமா நிறம் நகருது, நகருதுன்னு சொல்றீங்க. ஏன் நகருதுன்னு கேட்டா ஒருத்தர் குளிருங்கிறீங்க, ஒருத்தர் சூடுங்கிறீங்க. எனக்குப் பதில் வேணும். இல்லைன்னா லேசர் பிரிவை இழுத்து மூடிட்டுப் பழைய டிவியையே செய்யலாம்னு மேல எழுதிடுவேன். அந்தப் பிரிவுல இருக்கிற பதினோரு பேரையும் வேற வேலை பார்த்துக்கச் சொல்லிடுங்க."

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளைக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பதினோரு பேரில் ஒருவர் தன் மகளின் புருஷன்.

"நாளன்னைக்கு லேசரை மாத்திடுவாங்க" என்றார் அந்த அம்மா. "காலை ஏழு மணிக்கு வெள்ளை வைங்க. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி உட்காந்து பாருங்க. யாரும் கை வைக்கக் கூடாது. எத்தனை மணிக்கு நகருது, எந்தப் பக்கம் நகருதுன்னு எழுதிக் கொண்டாங்க."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வெள்ளைக்காரர் புது லேசரோடு வெள்ளை வைத்தார். நாலு நிமிஷம். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்தார். பார்த்தவர் ஒரு கணம் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

"சரியா இருக்கா மாப்பிள்ளை?"

"நீங்க வச்சா சரிதான் மாமா."

இரண்டு நாற்காலி. உட்காருவதா நிற்பதா என்கிற தகராறு கொஞ்ச நேரம் நடந்தது. பத்து மணி நேர விஷயம் என்பதால் இருவரும் உட்கார்ந்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். எட்டு மணிக்கு வெள்ளைக்காரர் 'மாறவில்லை' என்று எழுதினார். ஒன்பது மணிக்கும் மாறவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, மாறவில்லை. சந்தோஷப்பட வேண்டிய மனிதருக்குக் கவலை வந்துவிட்டது. இத்தனை நாள் ஆட்டம் போட்ட சனியன் இன்றைக்குப் பார்த்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறதே! ஒவ்வொரு மணிக்கும் மாப்பிள்ளையைக் கேட்டார். ஒவ்வொரு மணிக்கும் மாப்பிள்ளை, "நீங்க எழுதுனபடியே போட்டுக்கலாம் மாமா" என்றார்.

மகள் இரண்டு டப்பாவில் சாப்பாடு கொடுத்துவிட்டிருந்தாள். இரண்டிலும் ஒரே அளவு, ஒரே பொரியல். யாருக்கு என்ன கொடுத்தாள் என்கிற பேச்சுக்கே இடமில்லை. சாப்பிட்டார்கள். ஒரு மணி, இரண்டு மணி, மாறவில்லை.

மூன்று மணி அடித்ததும் மாப்பிள்ளை எழுந்தார். டிவிக்குப் பின்பக்கம் போய்க் கையை நீட்டினார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல மாமா. பழக்கம்."

"என்ன பழக்கம்?"

"மூணு மணிக்குச் சரி பண்ணுவேன். தினமும் நீலமா ஆகிடும். சிவப்பையும் பச்சையையும் கொஞ்சம் தூக்கி விடுவேன்."

"எங்க தூக்குவீங்க?"

"பின்னாடி. லேசர் கரண்டுலயே."

"தினமுமா?"

"தினமும்தான்."

வெள்ளைக்காரர் நோட்டைப் பார்த்தார். காலையிலிருந்து தன் கையால் எழுதிய ஏழு 'மாறவில்லை' வரிசையாக நின்றன. "நான் தினமும் காலையில நீலத்தைத் தூக்குறேன்" என்றார் மெதுவாக.

நாலு ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம் வெள்ளைக்காரர் கேட்டார்: "இப்ப உங்களுக்கு நீலமா தெரியுதா?"

மாப்பிள்ளை சாப்பாட்டு டப்பாவின் மூடியை எடுத்து இறுக்கி மூடினார்.

"காலையிலேருந்து இது மாறவே இல்லை. இப்ப நீலம்னா, நான் வைக்கிறப்பவே நீலம்."

"ஆமா மாமா."

"எட்டு மணி நேரம்! எட்டு மணி நேரமா வாயைத் திறக்காம உட்காந்திருக்கீங்களே, நீங்க மனுஷன்தானா?"

"நீங்க வச்ச வெள்ளையை நான் எப்படி மாமா நீலம்னு சொல்றது?"

அதற்கு மேல் மாப்பிள்ளை மென்று முழுங்கி மென்று முழுங்கிச் சொன்னதை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயசாக ஆக எல்லோருக்கும் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மஞ்சளாகும். மஞ்சள் கண்ணாடி நீலத்தைக் குடிக்கும். பழைய டிவியில் நீலம் அகலமாக, பல சாயல்கள் கலந்து வரும். கொஞ்சம் குடித்தாலும் மிச்சம் இருக்கும், ஓட்டின் மேல் விழுகிற விளக்கொளியோடு ஒத்துப்போகும். லேசர் நீலம் ஒற்றை ஊசி. அந்த இடத்தில் குடித்தால் மொத்தமாகக் குடித்ததுதான். அதனால் இளவயசுக் கண்ணுக்கு வெள்ளையாக இருப்பது வயசான கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும். யார் மேலும் குற்றமில்லை. லேசர் டிவி செய்கிற எல்லோருக்கும் இது ஒரு தலைவலி என்று புத்தகத்தில் படித்திருந்தாராம். படித்தது ஞாபகத்துக்கு வர அன்றைக்கு மூன்று மணி ஆகியிருக்கிறது.

"அப்ப லேசர் நகரவே இல்லை" என்றார் வெள்ளைக்காரர்.

"இல்லை மாமா."

"நாமதான் ஆளுக்கு ஒரு பக்கமா இழுத்து அதைக் கொன்னுருக்கோம்."

"ஆமா மாமா." மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யலாம். லேசர் சூட்டுல நகருதுன்னே நான் எழுதிக் கொடுத்துடறேன். என் பிரிவு, என் தப்புன்னு போகட்டும். எனக்கு வேற இடத்துல வேலை கிடைக்கும். உங்க பேரை யாரும் பேச வேண்டாம்."

உண்மையைச் சொல்வதென்றால் வெள்ளைக்காரர் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. முப்பத்தோரு வருஷம். இன்னும் மூன்று வருஷம் தள்ளினால் மாலையோடு வீட்டுக்குப் போகலாம். 'வெள்ளைக்காரருக்குக் கண்ணு போச்சு' என்று ரிசப்ஷன் பெண்ணிலிருந்து வண்டி ஓட்டுகிறவர் வரைக்கும் பேசுவார்கள். நினைக்கவே உடம்பு கூசியது. மாப்பிள்ளை சொன்னதை ஏற்றுக்கொள்ள ஆசையாகவும் இருந்தது. அந்த ஆசை வந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

"பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டு என் மூஞ்சியைக் காப்பாத்தணுமா?" என்று கத்தினார். ஃபேன் சத்தத்தில் பாதிதான் கேட்டது. "என் பொண்ணு என்னைக் காறித் துப்ப மாட்டாளா? எந்திரிங்க. உங்க கம்ப்யூட்டர்ல எழுதுனதை அச்சடிச்சு எடுத்துட்டு வாங்க."

மேனேஜர் அம்மாவின் மேசையில் நோட்டையும் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். "லேசர்ல கோளாறு இல்லைங்கம்மா. என் கண்ணுலதான். வயசாச்சு. நான் நீலத்தை ஏத்த, பொறுக்க முடியாம அவர் சிவப்பை ஏத்த, அது எரிஞ்சுபோச்சு."

அந்த அம்மா நம்பவில்லை. நேராக வெள்ளை வைக்கிற அறைக்கு வந்தார். வெள்ளைக்காரர் வைத்த வெள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளையை ஒரு வெள்ளை வைக்கச் சொல்லி அதையும் பார்த்தார். அவருக்கு வயசு நாற்பத்து மூன்று.

"எனக்கு ரெண்டுமே வெள்ளையாத்தானே இருக்கு?" என்றார்.

மாமனாரும் மாப்பிள்ளையும் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டார்கள். கடைசியில் அந்த அம்மாவை நம்பவைத்தது திரை அல்ல, ஐம்பத்திரண்டு நாள் எழுத்து. காலையில் ஏற்றியது ஒரு பக்கம், சாயங்காலம் ஏற்றியது ஒரு பக்கம். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். மூன்றாவது பக்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

"பிரிவை மூட வேண்டாம்" என்றார். "புதுக் கருவி வர்ற வரைக்கும் வெள்ளையை மாப்பிள்ளையே வைக்கட்டும்." பிறகு வெள்ளைக்காரர் பக்கம் திரும்பாமலே, "நீங்க வாங்க வர்றவங்களுக்குப் படத்தைக் காட்டி விளக்கம் சொல்லுங்க. உங்களை அவங்களுக்குப் பழக்கம்" என்றார்.

நல்ல வார்த்தைதான். ஆனால் அன்றைக்கு வெள்ளைக்காரர் வீட்டுக்கு நடந்தே போனார். வழியில் இரண்டு தடவை மூக்கைச் சிந்திக்கொண்டார். சளி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் மகள் விஷயத்தைக் கேட்டு வாயைப் பிளந்தாள். "ரெண்டு மாசமா ரெண்டு பேரும் இங்கதானே கொட்டிக்கிட்டீங்க? ஒரு வார்த்தை எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்ன பார்வை?" என்றாள். பிறகு அவளுக்கே ஞாபகம் வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

வாங்குகிறவர்கள் வந்த நாளுக்குள் புதுக் கருவியும் வந்து சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வைத்த வெள்ளை சரி என்றது. கரண்டையெல்லாம் இறக்கிவிட்டதால் ஒரே ஒரு ஃபேன்தான் ஓடியது. டிவியில் ஆள் பேசுவது கேட்டது. வாங்க வந்தவர்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர்தான் முதலாளி, வெள்ளைக்காரரை விட நாலைந்து வயசு மூத்தவர். அவர் தலையசைத்தால் ஆயிரம் டிவி. தலையசைக்காவிட்டால், மேனேஜர் அம்மா மறுபடி மேலே எழுத வேண்டியதுதான்.

வெள்ளைக்காரர் தக்காளியைக் காட்டினார். கடலைக் காட்டினார். பெரியவர் அசந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு பனிமலை வந்தது, திரை முழுக்கப் பனி. பெரியவர் கண்ணைச் சுருக்கினார். பக்கத்திலிருந்த பீங்கான் ஓட்டைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"எல்லாம் பிரமாதம்" என்றார். "ஆனா, பனி கொஞ்சம் மஞ்சளா இல்லை?"

மேனேஜர் அம்மா கருவியைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மிஷினும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்" என்று பெரியவர் கையைக் காட்டினார். "இவரைத்தான் கேக்கிறேன். இத்தனை வருஷமா இவர் கண்ணை நம்பித்தான் நான் வாங்கியிருக்கேன். நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எப்படித் தெரியுது?"

எல்லோரும் வெள்ளைக்காரரைப் பார்த்தார்கள். அவர் பனியைப் பார்த்தார். பழைய துணி மாதிரி மஞ்சளாகக் கிடந்தது. வெள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. முப்பத்தோரு வருஷத்தில் தெரியாத வெள்ளையைத் தெரிவதாகச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"எனக்கும் மஞ்சளாத்தாங்க தெரியுது" என்றார். மேனேஜர் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "நமக்கு வயசாச்சு. பிள்ளைங்களுக்கு வெள்ளையாத் தெரியும். தைரியமா எடுத்துட்டுப் போங்க."